பாய்மரக் கம்பியைக் கறள் தின்னாமப் பாக்கிறது: புதுசாப் பாய் வைக்கிற ஆக்களுக்கு

போன வருசம் சோளகக் காத்து தொடங்கின புதுசில பூநகரிப் பக்கத்து நாச்சிக்குடாவுக்கு வெளிய என்ர பாய்மரம் சரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்தது. ஒருமாதிரி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர, நிண்ட ஆக்கள் எல்லாரும் "வயர் அறுந்துபோச்சுப் போல" எண்டிச்சினம். ஆனா வயர் அறுகேல்ல. கையில எடுத்துப் பாத்தா கம்பி முழுக்கப் புதுக் கரண்டி மாதிரி மினுங்குது, கீழ் நுனியில அந்தக் கம்பியை நசிச்சுப் பிடிச்சிருந்த சின்னக் குழாய்தான் நெடுக்கா வெடிச்சு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வெடிப்புக்குள்ள மட்டும் கருப்பட்டித் தூள் மாதிரி மண்ணிறமா ஒரு கறள், வெளியில ஒரு பொட்டுக்கூட இல்ல. அந்தக் குழாய்க்கு மேல வடிவாக் கறுப்பு ரேப் சுத்தி விட்டது வேற ஆரும் இல்ல, நான்தான், அதுவும் கறள் பிடிக்கக்கூடாது எண்டு.

நான் பெரிய விண்ணன் ஒண்டும் இல்ல, அதை முதலே சொல்லிப்போடுறன். 2022 ல மண்ணெண்ணை இல்லாம எங்கட கரை முழுக்கப் போட்டுகள் கவுண்டு கிடக்கேக்க பெரியப்பா வாடிக்குள்ள படுத்திருந்துகொண்டு "தொண்ணூறுகளில எண்ணெய்க்குத் தடை போட்ட நேரம் நாங்கள் பாயைக் கட்டிக்கொண்டு போகேல்லையே, உங்களுக்கு மெசின் இல்லாட்டிக் கையும் இல்ல காலும் இல்ல" எண்டார், அந்தச் சொல்லு தைச்சதில துவங்கினதுதான் இது. 18 அடிப் பிளாஸ்ரிக் போட்டில ஒரு அலுமினிய மரம், முன்னுக்கு ஒரு கம்பி, பக்கத்துக்கு ஒண்டா ரெண்டு கம்பி. கம்பியெல்லாம் செக்கன்ஹாண்ட், திருகோணமலையில வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து நிக்கிறதால அந்தப் பக்கம் இப்பிடிச் சாமான் சில நேரம் கிடைக்கும். இப்ப இஞ்சாலயும் ஒண்டிரண்டு பெடியள் பாய் வைக்க வெளிக்கிட்டிருக்கிறாங்கள், அவங்கள் கேக்கிறதுக்கு ஒவ்வொருத்தருக்கா மறுமொழி சொல்லுறதிலும் பாக்க எழுதிப்போட்டாச் சுகம் எண்டு எழுதுறன்.

மரத்தை நிமித்திப் பிடிச்சிருக்கிற இந்த அசையாத கம்பிகளைத்தான் ஸ்ராண்டிங் ரிக்கிங் எண்டுறது. முன்னுக்கு இருக்கிறது போர்ஸ்ரே, பக்கத்தில இருக்கிறது ஷ்ரவுட், பெரிய படகெண்டா பின்னுக்கும் ஒண்டு பாக்ஸ்ரே எண்டு இருக்கும். இதுகளை முறுக்கி இறுக்கிற சாமான் ரேர்ன்பக்கிள். படகின்ர உடம்பில கம்பியைக் கொழுவுற தகடு செயின்பிளேற். இதில எது ஒண்டு விட்டாலும் மரம் கீழ, தலைக்கு மேல விழாட்டி உங்கட அதிஸ்ரம்.

சில்வர் கறள் பிடிக்காது எண்ட கதை

நாங்கள் சில்வர் எண்டு சொல்லுற ஸ்ரெயின்லெஸ் எண்டது கறளே பிடிக்காத இரும்பு இல்ல, தனக்குத்தானே ஒரு தோல் போட்டுக்கொள்ளுற இரும்பு. அதுக்குள்ள ஆகக் குறைஞ்சது 10.5 வீதம் குரோமியம் இருக்கு, அந்தக் குரோமியம் காத்தில இருக்கிற ஒட்சிசனோட சேந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு படை ஒண்டு போடும், கீறுப்பட்டாலும் காத்து இருந்தாத் திரும்பப் போட்டுக்கொள்ளும். பிரச்சினை எங்க வருது எண்டா ரேப்புக்கு அடியில, குழாய் வாய்க்குள்ள, போல்ட் போற ஓட்டைக்குள்ள, அங்க ஈரம் நிக்கும் காத்துப் போகாது, தோல் பிஞ்சாத் திரும்ப வளராது, உப்பு அந்த இடத்தைப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்க உள்ளுக்கக் குடைஞ்சுகொண்டே போகும். அதால வெளியில தெரியிற மண்ணிறக் கசிவைப் பாத்து அவ்வளவு பயப்பிடத் தேவையில்ல, அது கனக்க நேரம் மேலால வந்த கறைதான். ஆனா அது எங்க இருந்து வடியுது எண்டு பாக்கோணும்.

எங்கட பக்கத்து வெயிலும் இதுக்குச் சேத்தி. மே மாசத்தில இருந்து செப்டம்பர் வரைக்கும் சோளகக் காத்து உப்புத் துமியைக் கொண்டந்து அப்பிக்கொண்டே இருக்கும், கழுவிவிட மழை கிடையாது. பகல் காயும், இரவில உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துத் திரும்ப நனையும், குசினியில உப்புப்போத்தல் மாரிக்குக் கசியிறதைப் பாத்திருப்பீங்கள்தானே, அதே வேலைதான் கம்பியிலயும். கடல்தண்ணியில 3.5 வீதம்தான் உப்பு, ஆனா காஞ்சு காஞ்சு நனையிற இடத்தில நிக்கிறது அதைவிட எத்தினையோ மடங்கு கடுமையான உப்புப்பாணி.

முதல் வேலை, கையில இருக்கிறது என்ன எண்டு அறியுங்கோ

கடையில "சில்வர் வயர்" எண்டு கேட்டா எதையும் தருவாங்கள். பாய்மரத்துக்கு வாறது வழமையா 1x19, அதாவது 19 தனிக் கம்பி சேத்து முறுக்கினது, விறைப்பா இருக்கும், 4 மில்லிமீற்றர் மொத்தத்தில நல்லதெண்டா ஒரு தொன்னுக்கு மேல தாங்கும். வளைஞ்சு நெளியிற மெல்லிசுக் கம்பி வயர் இதுக்குச் சரிவராது, இழுபடும், உப்பு தங்கிறதுக்கும் அதில இடம் கூட.

இரும்பு இனம் 304 ஓ 316 ஓ எண்டு கேளுங்கோ. 304 எண்டது வீட்டுக் கரண்டியில 18/8 எண்டு அடிச்சிருக்கிற அதே சாதி. 316 இல 2 தொடக்கம் 3 வீதம் மொலிப்டினம் கூடுதலா இருக்கு, உப்புக்கு எதிர்த்து நிக்கிறது அதாலதான். எனக்கு ஒரு கடையில 316 எண்டு சொல்லி வித்த ஷக்கிள், அதான் கொழுவுற வளையம், ஆறு மாசத்தில தேத்தண்ணி நிறமாப் போச்சு, கேக்கப் போனா "காந்தம் ஒட்டேல்லத்தானே, பிறகென்ன" எண்டார் முதலாளி. காந்தத்தை நம்பாதேங்கோ. 304 உம் சும்மா நிலையில காந்தத்தில ஒட்டாது, 304 கம்பியை இழுத்து மெல்லிசாக்கினா லேசா ஒட்டும், ஆகவே காந்தத்தை வச்சு 304 ஐயும் 316 ஐயும் பிரிக்கேலாது. இறுக்கமாப் பிடிச்சு ஒட்டினா மட்டும் அது எங்களுக்கு வேண்டாத சாதி எண்டு விளங்கும்.

இன்னொண்டு, கம்பி நுனியை மடிச்சு நசிக்கிற சின்னக் குழாயள் இரும்புக்கடையில அலுமினியத்தில கிடைக்கும். அது நாகம் பூசின கம்பிக்கு உரியது, சில்வர் கம்பிக்குப் போட்டா உப்பில அலுமினியம் மாவாப் போயிடும். சில்வர் கம்பிக்குச் செம்புக் குழாய், இல்லாட்டி சில்வர்க் குழாய்.

தண்ணி, இதுதான் பாதி வேலை

கடலால வந்த உடன மெசினுக்குத் தண்ணி காட்டுற மாதிரி கம்பிக்கும் நல்லதண்ணி காட்டோணும். நல்லதண்ணி எண்டா நல்லதண்ணி. கரைப்பக்கக் கிணறு கனக்கச் சவர், அதால கழுவுறது உப்பைக் கொண்டு உப்பைத் துடைக்கிற கதை. வற்றாப்பளை அம்மனுக்குத்தான் உப்புத்தண்ணியில விளக்கெரியும், எங்களுக்கு அந்த வரம் இல்ல. சந்தேகமெண்டா கிணத்துத் தண்ணியில ஒரு துளி எடுத்துக் கறுப்புக் கண்ணாடியில, போன் கண்ணாடி எண்டாலும் சரி, விட்டுக் காய விடுங்கோ, வெள்ளையாத் தடிச்ச வளையம் நிண்டா அந்தத் தண்ணி வேண்டாம்.

பூநகரிப் பக்கத்தில நல்லதண்ணி எண்டா பவுசர்தான், அதைக் கொண்டுபோய்க் கம்பிக்கு ஊத்துறன் எண்டா வீட்டில பேச்சு விழும். நான் செய்யிறது, கமக்காரர் முதுகில கொழுவி மருந்தடிக்கிற 16 லீற்றர் தாங்கி ஒண்டு புதுசா வாங்கி வச்சிருக்கிறன், மழைத்தண்ணி பிடிச்ச பரலில இருந்து கால்வாசி நிரப்பினாப் போதும், நுனியை மெல்லிசாத் திருகிவிட்டு மேல இருந்து கீழ அடிச்சு வருவன். அஞ்சு லீற்றரோட முழு வேலையும் முடியும். கீழ்க் குழாய் வாயிலயும் ரேர்ன்பக்கிள் புரியிலயும் மட்டும் நிண்டு கூட நேரம் அடியுங்கோ, ஏனெண்டா கம்பியில படுற உப்புத்தண்ணி எல்லாம் முறுக்கு வழியா வழிஞ்சு வந்து கடைசியா நிக்கிற கிண்ணம் அந்தக் கீழ்க் குழாய். மேல் நுனிக் குழாய்க்கு வாய் கீழ பாத்தது, வடிஞ்சிடும். கூடுதலா வெடிக்கிறது கீழ இருக்கிறதுதான் எண்டதுக்கு இதுதான் காரணம், என்ரயும் அப்பிடித்தான். அடிச்சு முடிய ஒரு பழைய சாறத்துண்டால துடைச்சுவிடுங்கோ. மாரியில மழை இந்த வேலையைச் சும்மா செய்து தரும், அப்ப கொஞ்சம் ஆறலாம்.

ரேப்பைக் கழட்டுங்கோ

ரேர்ன்பக்கிள் கழண்டுபோகாமக் குத்தி வளைச்சு விடுற கொட்டர்பின்னின்ர நுனி பாயைக் கிழிக்கும், காலைக் கிழிக்கும், அதுக்காக ரேப் சுத்திறது பிழையில்ல. ஆனா குழாயையும் ரேர்ன்பக்கிளையும் சேத்து மம்மி மாதிரிச் சுத்தாதேங்கோ. பின்னின்ர நுனியை மட்டும் ரெண்டு சுத்து, கீழ்ப்பக்கம் திறந்து கிடக்கோணும், பேந்து மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கழட்டி உள்ளுக்கப் பாக்கோணும். ரியூப் போட்டு மூடுற பழக்கமும் இதே கேஸ்தான். கொட்டர்பின் இல்லையெண்டு கட்டுக்கம்பியை வளைச்சுப் போடுறதை இண்டையோட விடுங்கோ, அது ஒரு சோளகத்தையும் தாண்டாது.

ரேர்ன்பக்கிள் உடம்பு குழாய் மாதிரி மூடினதை விட ரெண்டு பக்கமும் திறந்து புரி தெரியிறது நல்லம், உள்ளுக்க எவ்வளவு புரி பிடிச்சிருக்கு எண்டும் தெரியும், தண்ணியும் நிக்காது. சில்வர்ப் புரிக்குள்ள சில்வர்ப் புரி காஞ்சபடி இறுக்கினா ஒண்டோட ஒண்டு பத்திப்பிடிச்சு ஒரு நாளைக்கும் கழண்டு வராது, அதால அவுட்போட் மெசினுக்குப் போடுற மரீன் கிறீஸ் புரிக்கு மட்டும் கொஞ்சம். கம்பிக்கு நீளமாக் கிறீஸ் பூச வேண்டாம், எங்கட செம்மண் தூசி வந்து ஒட்டிச் சேத்துப் பூச்சு மாதிரி ஆகி உப்பையும் சேத்துப் பிடிச்சு வச்சிருக்கும். பெரியப்பா சுறா எண்ணெய் பூசச் சொன்னார், அது பலகை வள்ளத்துக்கு நல்ல மருந்து, இதுக்கு நாத்தம் மட்டும்தான் மிச்சம்.

குழாய் வாய்க்குள்ள மெழுகோ கிறீஸோ உருக்கி விட்டு அடைக்கலாமா எண்டு ஒரு தம்பி கேட்டவர். புத்தம்புதுக் குழாய், ஒரு நாளும் கடல் காணாதது எண்டா செய்யலாம். பாவிச்சதுக்குச் செய்தா உள்ளுக்க இருக்கிற உப்பைப் பெட்டிக்க வச்சுப் பூட்டின மாதிரி.

மாதம் ஒருக்காத் தடவல்

கொஞ்சப் பஞ்சு எடுத்துக் கம்பியைச் சுத்திப் பிடிச்சு மேல இருந்து கீழ மெதுவா இழுத்து வாங்கோ. எங்கயாவது பஞ்சு கொழுவி நூல் மாதிரி நிண்டா அந்த இடத்தில ஒரு தனிக் கம்பி அறுந்திருக்கு. வெறுங்கையால தடவாதேங்கோ, நான் தடவி உள்ளங்கையில நீளக் கோடு ஒண்டு வாங்கினனான். 19 இல ஒண்டுதானே எண்டு நினைக்க வேண்டாம், ஒண்டு போனா மற்றதுகளுக்கும் அதே வயசுதான், கம்பியை மாத்தோணும்.

அடுத்தது குழாயள். காலைமை வெயில் சரிவா விழேக்க, இல்லாட்டி இரவில ரோச் லைற்றைப் பக்கத்தால சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டு பூதக்கண்ணாடியால பாருங்கோ, நேர பிடிச்சா வெடிப்பு தெரியாது, சாய்ச்சாத்தான் மயிர் மாதிரி ஒரு கோடு நிழல் அடிக்கும். நெடுக்கா ஓடுற கோடு எண்டா சந்தேகமே வேண்டாம், குழாய் முடிஞ்சுது. குழாய் வளைஞ்சிருந்தாலும் கழிவுதான். வெல்டிங் சாமான் விக்கிற பெரிய கடையளில மூண்டு ரின் சேந்த சிவப்புச் சாயம் ஒண்டு கிடைக்கும், ஒண்டு துப்பரவாக்க, ஒண்டு சிவப்பு, ஒண்டு வெள்ளைப் பூச்சு. துடைச்சு, சிவப்பை அடிச்சுப் பத்து நிமிசமாவது ஊற விட்டு, வடிவாத் துடைச்சுப்போட்டு வெள்ளையை அடிச்சா வெடிப்புக்குள்ள நிண்ட சிவப்பு வெள்ளையில ஊறி வெளிய வரும். கூட்டாளியள் நாலைஞ்சு பேர் சேந்து ஒரு செற் வாங்கினா எல்லாருக்கும் காணும்.

அப்பிடியே கம்பி தொய்ஞ்சு கிடக்கோ எண்டும் பாருங்கோ. பாய் இழுக்கேக்க காத்துக்கு மற்றப் பக்கத்துக் கம்பி ஊஞ்சல் மாதிரி ஆடினா ஒவ்வொரு அலைக்கும் குழாய் வாயில கம்பி மடிஞ்சு நிமிரும், கறள் துவக்கி வச்ச வெடிப்பை அந்த ஆட்டம்தான் முடிச்சு வைக்கும்.

குழாய் போனா முழுக் கம்பியையும் எறியத் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கு. ஸ்ராலொக், நோர்ஸ்மன் எண்டு திருகிப் பூட்டுற நுனியள் வருது, உள்ளுக்க ஒரு கூம்பு, கம்பியை அதில விரிச்சுத் திருகினாச் சரி, மெசின் தேவையில்ல, பேந்து கழட்டி உள்ளுக்க பாக்கவும் ஏலும். விலை கூடத்தான். எனக்கு வெளிநாட்டில இருக்கிற மச்சான் ரெண்டு கொண்டந்து தந்தவர், கீழ் நுனி ரெண்டுக்கு அதுதான் போட்டிருக்கிறன்.

செயின்பிளேற்

இதை ஒருத்தரும் பாக்கிறேல்ல, ஏனெண்டாக் கழட்டக் கரைச்சல். தகடு பிளாஸ்ரிக்குக்குள்ளால போற இடத்தில இருக்கிற சிலிக்கன் பசை வெயிலில வெடிச்சிடும், அதால தண்ணி உள்ளுக்க போய் வெளிய வராது. உள்பக்கத்தில மண்ணிறமாக் கண்ணீர்க் கோடு மாதிரி வடிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தா அண்டைக்கே கழட்டுங்கோ. இல்லாட்டியும் வருசத்துக்கு ஒரு பக்கமெண்டாலும் ஒரு போல்ட்டை வெளிய இழுத்துப் பாக்கோணும், ரெண்டு நுனியும் பளபளவெண்டு நடுவில மட்டும் இடுப்பு மெலிஞ்சு, எறும்பு தின்ன மாதிரிப் பள்ளம் பள்ளமா இருந்தா அதுதான் நான் முதல் சொன்ன காத்துப் போகாத கறள். திரும்பப் போடேக்க ஓட்டையின்ர விளிம்பை நல்லாக் காய விட்டுப் புதுப் பசை, பழசுக்கு மேல பூசிறேல்ல. உள்ளுக்க பலகை வச்சிருந்தா ஸ்குறூட்ரைவரால குத்திப் பாருங்கோ, கேக் மாதிரி இறங்கினாப் பலகையும் மாத்தோணும்.

அலுமினிய மரமும் சில்வரும்

ரெண்டு வேற வேற உலோகமும் உப்புத்தண்ணியும் சேந்தா அது ஒரு பெற்றி. அதில நட்டப்படுறது அலுமினியம். ரிவெட்டைச் சுத்தி வெள்ளை மா மாதிரிப் பூத்து, பெயின்ற் கொப்பளிச்சு நிண்டா மரம் கரையுது எண்டு அர்த்தம். இடையில ஏதும் வச்சுப் பிரிக்கோணும். டுராலாக், ரெஃப்ஜெல் எண்டு இதுக்கெண்டே களி விக்கிறாங்கள், கிடைக்காட்டி வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளி மூடியை வெட்டி வாசர் செய்து போடுங்கோ, நான் போட்டது இன்னும் நிக்குது. சைக்கிள் ரியூப் றப்பர் வேண்டாம், கறுப்பு றப்பருக்குள்ள கரி இருக்கு, அது மின்சாரத்தைக் கடத்தும், ஈரத்தையும் பிடிச்சு வச்சிருக்கும். செப்புக் கம்பியால மரத்தில எதையும் கட்டவே வேண்டாம், அலுமினியத்துக்குச் செம்பு சில்வரை விட மோசம்.

மினுக்கிற ஆக்களுக்கு

கக்கூஸ் கழுவுற அசிட்டும் பிளீச்சும் கறையை உடன எடுக்கும், கூடவே சில்வரின்ர தோலையும் எடுக்கும், ரெண்டும் படகுப்பக்கமே வரக்கூடாது. இரும்புப் பிரஸ், கறள் பிடிக்கிற கம்பி நார் இதுகளும் வேண்டாம், அதில இருந்து உதிருற தூள் சில்வரில குத்தி நிண்டு தானே கறள் பிடிக்கும். அதே காரணத்துக்காகப் படகுக்குப் பக்கத்தில கிரைண்டர் வச்சு ஜீஐ குழாய் வெட்ட விடாதேங்கோ, பொறி வந்து ஒட்டும். லேசான கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் நைலோன் பிரஸ்சும் போதும், அதுக்குப் பிறகு தண்ணி, கனக்கத் தண்ணி.

சில்வருக்குக் காசு இல்ல எண்டா நாகம் பூசின கம்பி பேய்ச் சாமான் இல்ல. அதுக்குக் கிறீஸ் நீளத்துக்கும் பூசோணும், கை அழுக்குப்படும், ஆனா போற நேரம் வெளியில சிவந்து காட்டிப்போட்டுத்தான் போகும், சில்வர் மாதிரி மினுங்கிக்கொண்டே காலை வாராது. டைனீமா கயிறும் இப்ப போடுறாங்கள், அதுக்குக் கறள் எண்ட கதையே இல்ல, வெயிலும் உரசலும்தான் எதிரி, மெதுவா நீளுற குணமும் இருக்கிறதால அறுக்கிற பாரத்தைப் பாத்து மெல்லிசாப் போடாம ஒரு சைஸ் தடிப்பாப் போடோணும்.

கம்பிக்கு எத்தினை வயசு

கன நாடுகளில பத்து வருசம் எண்டு ஒரு கணக்கு வச்சிருக்கினம், அதுக்கு மேல போனா இன்சூரன்ஸ்காரரே மாத்து எண்டுவினம். எங்கட வெயிலுக்கும் உப்புக்கும் அதை அப்பிடியே எடுக்கேலாது, குறைச்சு வையுங்கோ. செக்கன்ஹாண்டா வாங்கிற ஆள் வயசு சொல்லாட்டிப் பத்து முடிஞ்சுது எண்டே நினைச்சுக்கொண்டு விலை பேசுங்கோ. நான் அப்பிடிப் பேசேல்ல.

மரம் இறக்கிற காலம்

எங்கட மேற்குக் கரையில சோளகம் உரக்க முதல் மரத்தை இறக்கிறது நல்லம், முல்லைத்தீவுப் பக்க ஆக்களுக்கு இது வாடைக்கு முதல் வரும். வருசத்தில ஒருக்கா மரம் கீழ கிடக்கிற நேரம்தான் மேல் நுனியளைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாக்க ஏலும், அந்த நேரத்தைத் தவறவிடாதேங்கோ. கம்பியைக் கழட்டிச் சவுக்காரத் தண்ணியால கழுவி, பேந்து வெறும் நல்லதண்ணியால அலசி, நிழலில காய விட்டு, ஒரு மீற்றர் அகலத்துக்குக் குறையாத பெரிய வளையமாச் சுத்தி வாடிக் கூரையில கொழுவி விடுங்கோ. சின்னனாச் சுத்தினா மடிப்பு விழும், மடிஞ்ச 1x19 ஐ நிமித்தேலாது. மண்ணில போடவும் வேண்டாம், பொலித்தீனில சுத்தவும் வேண்டாம், வேர்க்கும். எந்தக் கம்பி எந்தப் பக்கம், எண்டைக்குப் போட்டது எண்டு ஒரு துண்டு கட்டி விட்டா அடுத்த வருசம் தலையைச் சொறியத் தேவையில்ல.

திரும்ப ஏத்தேக்கப் பழைய கொட்டர்பின்னைப் பாவிக்காதேங்கோ, ஒருக்கா வளைச்சு நிமித்தினது அடுத்த வளைப்பில முறியும். புதுக் கம்பி எண்டா முதல் ரெண்டு மூண்டு ஓட்டத்தில கொஞ்சம் நீளும், அதால சின்னக் காத்தில ஓடிப்போட்டு வந்து, ரேர்ன்பக்கிளை ரெண்டு பக்கமும் ஒரே அளவு சுத்தி இறுக்கிப்போட்டு, அதுக்குப் பிறகு இரணைதீவுப் பக்கம் தூரத்துக்குப் போறதெண்டாப் போங்கோ.